பழைய கோச்சிங் இன்னில் நைட் போர்ட்டர் வேலை: பேய்க் கதைகளோடு பழகியது

இங்கிலாந்தின் பழைய விடுதிகளில் ராத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவரிடம் அதிகம் கேட்கப்படுவது இரண்டு. ஒன்று வைஃபை பாஸ்வேர்டு. இன்னொன்று, "இங்க எந்த ரூம்ல பேய் இருக்கு?" முதல் கேள்வியை அலுப்போடு கேட்பார்கள். இரண்டாவதைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, நம் முகத்தைக் கவனமாகப் பார்ப்பார்கள்.

முதுகலை படிக்கப் போன காலத்தில், லிங்கன்ஷயரின் ஒரு சின்ன ஊரில், லண்டனிலிருந்து வடக்கே போகும் பழைய நெடுஞ்சாலையான கிரேட் நார்த் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு கோச்சிங் இன்னில் நைட் போர்ட்டராக இருந்தேன். பாடம் நடக்கும் நாட்களில் மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வார இறுதியில் இரண்டு ராத்திரி ஷிப்ட் போட்டால் அது சரியாகப் போய்விடும். அந்த வேலைக்குப் பெரிய போட்டி இல்லை. ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "முந்நூறு வருஷக் கட்டடமா? விபூதியை நெத்தியில வச்சுட்டுப் போடா" என்றாள். விடுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள்.

கோச்சிங் இன் என்பது வெறும் பழைய லாட்ஜ் இல்லை. ரயிலுக்கு முந்தைய காலத்தில் லண்டனிலிருந்து யார்க், எடின்பரோ போகிறவர்கள் நான்கு குதிரை பூட்டிய கோச் வண்டியில் போனார்கள். குதிரைகள் அவ்வளவு தூரம் தாங்காது, பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த மாற்றம் நடந்த இடங்கள்தான் இவை. தெருவிலிருந்து ஒரு வளைவு வழியே வண்டி உள்ளே வரும், நடுவில் முற்றம், பின்னால் லாயம், சுற்றிலும் மாடி அறைகள். 1784 ஆகஸ்ட் 2ஆம் தேதி பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் அரச தபால் கோச் கிளம்பியதிலிருந்து எல்லாம் கடிகாரக் கணக்கானது. பக்கத்து ஊரான ஸ்டாம்ஃபோர்டில் 'தி ஜார்ஜ்' விடுதிக்கு உச்ச காலத்தில் தினமும் வடக்கே இருபது, தெற்கே இருபது என்று நாற்பது கோச்சுகள் வந்துபோயின. லண்டன் போகிறவர்கள் காத்திருக்க ஒரு அறை, யார்க் போகிறவர்களுக்கு இன்னொன்று. அந்த அறைகள் இன்றும் அதே பெயரில் இருக்கின்றன. 1838இல் லண்டன்–பர்மிங்ஹாம் ரயில் பாதை முழுதாகத் திறந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தத் தொழிலே படுத்துவிட்டது. லாயங்களைப் பூட்டினார்கள், சில விடுதிகள் பாதிக் கட்டடத்தைக் கடைகளுக்கு விற்றன, வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

பேய்க் கதைகளைப் புரிந்துகொள்ள எனக்கு அதிகம் உதவியது இந்தக் கடைசி விஷயம்தான்.

எங்கள் விடுதியில் இரண்டாம் மாடியில் ஒரு மூலை அறை. அங்கே தங்கியவர்கள் காலையில் வந்து, "ராத்திரி மேலே யாரோ நடந்தாங்க" என்பார்கள். மேலே ஒன்றும் இல்லை, ஓட்டுக் கூரைதான். ஹவுஸ்கீப்பிங்கில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லோரையும் "மீ டக்" (என் வாத்தே) என்று செல்லமாகக் கூப்பிடுவார், என்னையும்தான். "அது கோச் ஓட்டினவரு மீ டக், குதிரையைப் பார்க்க எந்திரிச்சுப் போறாரு" என்று அடித்துச் சொன்னார். அவர் நம்பிச் சொன்னதை மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. புகார் சொன்ன எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தைச் சொன்னார்கள், விடியற்காலை நாலு மணி வாக்கில். அதுவும் வார நாட்களில்தான். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் கோச் வண்டிக்காரரின் ஆவி என்பது கொஞ்சம் இடித்தது.

அறை காலியாக இருந்த ஒரு நாள், படிப்பு விடுமுறையில் வார நாள் ஷிப்ட் போட்டிருந்தேன், நாலு மணிக்கு அங்கே போய் நின்றேன். சத்தம் வந்தது. கனமான காலடி, ஐந்தாறு எட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஐந்தாறு எட்டு. மயிர்க்கூச்செறிந்தது உண்மை. சுவரில் காதை வைத்தபோதுதான் தெரிந்தது, சத்தம் மேலேயிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வருகிறது. பக்கத்துக் கட்டடத்தில் கீழே கடை, மேலே வாடகை வீடு. அங்கே குடியிருந்தவர் பேக்கரியில் அதிகாலை ஷிப்ட் பார்ப்பவர். ஆனால் அடுத்த கட்டடத்துக் காலடி இவ்வளவு சுத்தமாகக் கேட்பானேன்? பகலில் மேனேஜர் பழைய வரைபடத்தை எடுத்துக் காட்டினார். இரண்டும் ஒரே விடுதியாக இருந்தவை. ரயில் வந்த பிறகு நடுவில் சுவர் எழுப்பி அந்தப் பாதியை விற்றிருக்கிறார்கள். தரையைத் தாங்கும் ஓக் உத்தரங்களை யாரும் அறுக்கவில்லை, அவை சுவருக்குள்ளே புகுந்து இரண்டு பக்கமும் ஓடின. அங்கே மிதித்தால் இங்கே கேட்கும்.

ஹவுஸ்கீப்பிங் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் அசரவில்லை. "அப்போ கோச் ஓட்டினவரு இப்போ ரொட்டி சுடுறாருன்னு வச்சுக்கோ" என்றார்.

இதற்குப் பிறகு, ஒவ்வொரு கதையையும் கட்டடத்தைப் பற்றிய தகவலாகக் கேட்கப் பழகினேன். 'சுவருக்குள் நடந்து மறையும் பெண்' என்றால், அங்கே அடைத்த வாசல் இருக்கிறதா என்று பார். 'முற்றத்தில் ராத்திரி ஆட்கள் கிசுகிசுக்கிறார்கள்' என்றால், வளைவுக்கு வெளியே நின்று யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று பார். தெருவில் பேசுவதை அந்த வளைவு அப்படியே உள்ளே கொண்டுவந்து கொட்டும். இந்த வகை வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் வாரத்திலேயே பகல் வெளிச்சத்தில் கட்டடத்தை ஒருமுறை முழுசாகச் சுற்றிப் பாருங்கள். பாய்லர் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, எந்தச் சுவர் யாருடையது. ராத்திரி பாதி பயம் அதிலேயே போய்விடும்.

சத்தங்களுக்குத் தனி ஜாதகம் உண்டு. பதினொன்றரைக்கு ஹீட்டிங் அணையும், அடுத்த ஒரு மணி நேரம் குழாய்கள் சுருங்கிச் சொடக்குப் போடும். தீ பரவாமல் தடுக்கும் கதவுகளைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும், ராத்திரி குறிப்பிட்ட நேரத்தில் டைமர் அந்தப் பிடியை விடும். நடைபாதைக் கதவுகள் எல்லாம் ஒரே நொடியில் தாமாகச் சாத்திக்கொள்வதைத் தெரியாதவர்கள் பார்த்தால் அவ்வளவுதான். இவை பெரும்பாலும் அரசுப் பட்டியலில் உள்ள பாரம்பரியக் கட்டடங்கள், நினைத்தபடி சன்னலை மாற்ற முடியாது. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் பழைய சாஷ் சன்னலின் சட்டத்துக்குள் கயிற்றில் இரும்பு எடைகள் தொங்கும். காற்றில் சன்னல் ஆடும்போது எடை மரப்பெட்டியில் இடித்து, யாரோ நிதானமாகக் கதவைத் தட்டுவதுபோல் கேட்கும். காகிதத்தை நாலாக மடித்து இடுக்கில் செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். என் மேசை டிராயரில் மடித்த காகிதம் எப்போதும் ஒரு கத்தை இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது டெத்வாட்ச் வண்டு. பழைய ஓக் மரத்தைத் துளைத்து உள்ளே ஆண்டுக்கணக்கில் புழுவாக வாழும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளியே வந்து, துணையைக் கூப்பிட நெற்றியால் மரத்தில் அடிக்கும், ஒரே வேகத்தில் டக்டக்டக் என்று. சாகக் கிடப்பவர் பக்கத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களுக்கு அந்த நிசப்தத்தில் இது கேட்டது, சாவுக்கு அறிகுறி என்று சொல்லிவிட்டார்கள். நாம் பல்லி சொன்னதற்குப் பலன் பார்ப்பதுபோலத்தான். இந்தத் தட்டலைக் கேட்டால் பூசாரியைத் தேட வேண்டாம், தச்சரைக் கூப்பிடச் சொல்லி எழுதி வையுங்கள். உத்தரத்துக்கு ஆபத்து.

இனி பிரபலமான கதைகள். விடுமுறை கிடைத்தபோது வேறு விடுதிகளையும் போய்ப் பார்த்தேன், முடிந்தால் அங்கே ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களோடு பேசுவேன். நார்தாம்ப்டன்ஷயரில் ஆண்டில் என்ற ஊரில் 'டால்பட்' விடுதி. அதன் படிக்கட்டு ஃபாதரிங்கே கோட்டையிலிருந்து வந்தது, ஸ்காட்லாந்து ராணி மேரி கொலைக்களத்துக்கு இறங்கிப் போன படி அதுதான், அவர் இன்னும் இறங்குகிறார் என்பது கதை. தலையை வெட்டியவன் முந்தின ராத்திரி இந்த விடுதியில்தான் தங்கினான் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். மேரி 1587 பிப்ரவரி 8ஆம் தேதி அந்தக் கோட்டையின் கூடத்தில் தலை வெட்டப்பட்டது வரலாறு. இன்றிருக்கும் விடுதிக் கட்டடம் 1626இல் எழுந்தது. கோட்டை பாழாகிப் பிரித்தெடுக்கப்பட்டதும் ஏறக்குறைய அந்தத் தலைமுறையில்தான், அதனால் படிக்கட்டு அங்கிருந்து வந்திருக்கவும் கூடும். வெட்டியவன் இந்தக் கூரையின்கீழ் தூங்கினான் என்பதற்கு மட்டும் 39 ஆண்டு இடிக்கிறது. ஆனால் ஒன்று, அந்தப் படியில் நின்று இந்தத் தேதிகளை எல்லாம் மனசுக்குள் ஓட்டினாலும் கை தானாகக் கைப்பிடியை விட்டுவிடுகிறது. இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான் என்பதையும் மறைக்கவில்லை.

டிக் டர்பின் விஷயம் நேர்மாறு. கிரேட் நார்த் ரோட்டில் அந்த வழிப்பறிக்காரன் தங்காத விடுதி, தப்பிக் குதிக்காத சன்னல் இல்லை என்று ஆகிவிட்டது. அவனைக் குதிரை திருடியதற்காக யார்க்கில் 1739 ஏப்ரல் 7ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். லண்டனிலிருந்து யார்க்குக்கு ஒரே மூச்சில் குதிரை ஓட்டிய சாகசம் அவனுடையதே இல்லை. 1676இல் நெவிசன் என்ற வேறொரு கொள்ளைக்காரன் செய்ததாகச் சொல்லப்பட்டது அது. 1834இல் வந்த ஒரு நாவல் அதை டர்பின் கணக்கில் எழுதியது, அதோடு சரி. எங்கள் விடுதியிலும் ஒரு விருந்தினர், தபால் கோச்சைக் கொள்ளையடித்துவிட்டு டர்பின் ஒளிந்த அறை எது என்று கேட்டார். தபால் கோச் ஓடத் தொடங்கியபோது அவன் செத்து 45 வருஷம் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகு, கேட்டால் ஒழிய ஆண்டுக் கணக்குச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கோல்ன்புரூக்கில் 'ஆஸ்ட்ரிச்' விடுதி இருக்கிறது. கட்டிலைக் கவிழ்த்து, பணக்கார விருந்தாளிகளைக் கொதிக்கும் அண்டாவுக்குள் தள்ளிக் கொன்ற முதலாளி ஜார்மனின் கதை அங்கே. கேட்கக் கேட்க நடுங்கும். ஆனால் அது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஒரு உரைநடைக் கதையில் வருவது. அதில் விடுதியின் பெயர்கூட 'கிரேன்'. கார்ன்வாலின் பாட்மின் மூரில் 1750இல் கட்டிய 'ஜமைக்கா இன்'னில், பாதிக் குவளையை வைத்துவிட்டு வெளியே போய்க் கொலையான ஒருவன் மீதியைக் குடிக்க வருவான் என்கிறார்கள். ரை ஊரில் 1420இல் திரும்பக் கட்டிய 'மெர்மெய்ட்' விடுதியில் வாள் சண்டை போடும் இரண்டு பேர். அந்த விடுதிக்கு ஹாக்ஹர்ஸ்ட் கடத்தல் கும்பல் 1740களில் வந்து போனது, கைத்துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் குடிக்கும் ஆட்கள். அவர்களைப் பற்றிப் படித்தபோது, ஆவிகளைவிட உயிரோடு இருந்தபோதே இவர்கள் பயங்கரமானவர்கள் என்று தோன்றியது.

சரி, சத்தமும் இல்லாமல், கதையும் தெரியாமல் பயந்து இறங்கி வருபவர்கள்? அவர்கள்தான் ராத்திரி வேலையின் கடினமான பகுதி. ஒரு பெண்மணி மூன்று மணிக்குக் கீழே வந்தார், கை நடுங்குகிறது. விழிப்பு வந்ததாம், கை கால் அசையவில்லை, மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்களாம். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்போமே, அச்சு அசல் அதே. கனவு வரும் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்று இருக்கும். அது கலைவதற்கு முன் மூளை மட்டும் விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம். போதாக்குறைக்கு, புது இடத்தில் முதல் ராத்திரி யாருக்குமே சரியாகத் தூக்கம் பிடிக்காது. 2016இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடது பாதி ஆழ்ந்து தூங்காமல் காவல் காப்பதுபோல் சத்தங்களுக்கு உஷாராக இருந்தது தெரிந்தது. விடுதியில் தங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரே ராத்திரிக்கு வருபவர்கள். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நடுங்கும் ஆளிடம் அந்த நேரத்தில் மூளையைப் பற்றி வகுப்பெடுக்கக் கூடாது. விளக்கைப் போட்டு, உட்கார வைத்து, டீ கொடுத்து, அவர் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். வேறு அறை காலியாக இருந்தால் கேட்காமலே சாவியைக் கொடுக்கலாம். நான் ஒருபோதும் சொல்லாத வாக்கியம் ஒன்று உண்டு: "ஓ, அந்த ரூமா? அது அப்படித்தான்." அதைச் சொன்ன நொடியில் அந்த அறைக்கு ஒரு பேயைக் குடி வைத்துவிடுகிறோம். அடுத்தவர் வரும்போது அவருக்கும் கேட்கும். பயந்து இறங்கி வந்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, நேரம் போட்டு, லாக் புத்தகத்தில் எழுதுவேன். விடுதியின் பழங்கதையை அவரிடம் சொல்வதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும். நாலு மணிக் காலடியைக் கண்டுபிடித்ததும் அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும், பேய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே எழுந்து ஓட வேண்டும். தலைவலி, குமட்டல், அறையில் யாரோ இருப்பதுபோல் ஒரு கனம், அதுவும் ஒரே அறையில் இரண்டு பேருக்கு என்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகிக்க வேண்டும். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு குடும்பத்தின் கதை இது: காலடிச் சத்தம், உருவங்கள், வாடிப்போகும் செடிகள், கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து அந்த வாயு வீட்டுக்குள் கசிந்திருந்தது. பழைய புகைபோக்கி, கணப்பு உள்ள விடுதிக்குப் போனால் அறையில் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னதாக ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

மீட்டர்களோடு வரும் பேய் வேட்டைக் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர்கள், டிப்ஸும் வைப்பார்கள். மின்காந்தப் புலம் அளக்கும் கருவியைச் சுவரில் காட்டுவார்கள், விளக்கு எரியும், ஆரவாரம். சுவருக்குள் ஓடும் பழைய ஒயரிங் பக்கத்தில் அது எரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தாழ்ஒலிக் கொள்கையும் அடிக்கடி வரும். விக் டான்டி என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் தெரிந்த சாம்பல் உருவத்துக்குக் காரணம் ஒரு மின்விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அளவிலான காதுக்குக் கேட்காத ஒலி என்று 1998இல் எழுதினார். அழகான விளக்கம், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஆய்வாளர்கள் ஒரு அறையில் தாழ்ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் உண்டாக்கி 79 பேரை அனுப்பிப் பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது. பலருக்கு விசித்திரமான உணர்வுகள் வந்தன, ஆனால் அவை ஒலியோ புலமோ இருந்ததைப் பொறுத்து வரவில்லை. ஏதாவது நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியது போதுமானதாக இருந்திருக்கலாம்.

தங்கப் போகிறவர்களுக்கு. தூங்க வேண்டுமென்றால் முற்றத்தைப் பார்த்த அறை கேளுங்கள், ஆனால் சமையலறைக்கு மேல் வேண்டாம். அதிகாலையில் பால், ரொட்டி லாரி வரும். தெருப் பக்க அறை அழகாக இருக்கும், வெள்ளி சனி ராத்திரி பப் மூடும் வரை பேச்சுச் சத்தம் ஓயாது. லிஃப்ட் இருக்காது, பெட்டியைச் சின்னதாகக் கட்டுங்கள். குழந்தைகளோடு போனால் பேய்க் கதையைக் காலைச் சாப்பாட்டின்போது சொல்லுங்கள், ராத்திரி வேண்டாம். பேயைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் ஹாலோவீன் வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. அறை வாடகை ஏறியிருக்கும், நடைபாதையில் கேட்கும் எல்லாக் காலடியும் உங்களைப் போலவே பேய் தேடுபவர்களுடையதாக இருக்கும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். விடுதியில் நீங்களும், ஒரு நைட் போர்ட்டரும், மிஞ்சினால் ஒரு விற்பனைப் பிரதிநிதியும்தான் இருப்பீர்கள். போர்ட்டருக்கும் அன்று பேச நேரம் இருக்கும். கதை வேண்டுமானால் விளம்பரத் தாளில் அச்சடித்ததை விட்டுவிட்டு, ஹவுஸ்கீப்பிங்கில் ரொம்ப நாளாக இருப்பவர் யார் என்று அவரிடம் விசாரியுங்கள்.